எஃப்எஃப்டி படத்தை வாசிப்பது எப்படி? அதிர்வு அளவீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மோட்டார் மேல் ஒரு சென்சாரை ஒட்டி, வந்த எண்களைக் கணினியில் ஏற்றி, எஃப்எஃப்டி போடச் சொன்னால் அரை நொடியில் படம் வந்துவிடும். படம் போடுவது இன்று யாருக்கும் சிரமமில்லை. அதில் சீப்பின் பற்கள் போல நிற்கும் முகடுகளில் எது பேரிங், எது கரன்ட், எது கணக்கு விட்ட நிழல் என்று பிரித்துச் சொல்வதில்தான் சிரமம்.

சில வருடங்களுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ப்ளோயர் ஒன்று அதிர்கிறது என்று கூப்பிட்டார்கள். 2 போல் மோட்டார், கப்ளிங் வழியாக ஃபேன். அவசரத்தில் அரை நொடிப் பதிவு ஒன்று எடுத்தேன். படத்தில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அகலமாக ஒரு முகடு. ஷாஃப்ட் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸில் சுற்றுகிறது, அதன் இரண்டு மடங்கில் முகடு நின்றால் அலைன்மென்ட் கோளாறு என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அதையே சொல்லிவிட்டேன். ஃபிட்டர்கள் ஒரு நாள் முழுக்க டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் எடுத்தார்கள். மறுநாள் ஓட்டிப் பார்த்தால் அதே முகடு, அதே உயரம். இரண்டு பேருடைய ஒரு நாள் உழைப்பு வீணானது. அந்த வருத்தத்தில்தான் படத்தை ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அன்று எங்கே தவறினேன் என்பது நான்காவது படியில் வருகிறது.

ஒரு முகடு மூன்று இடங்களில் பிறக்கலாம்: இயந்திரத்தில், சென்சாரின் பிடிப்பில், கணக்கில். பின்னால் சொன்ன இரண்டையும் விசாரித்து முடித்த பிறகே இயந்திரத்தின் மேல் கை வைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த விசாரணையின் வரிசைப்படி அமைந்தவை.

முதலில், படம் என்ன காட்டுகிறது?

சென்சார் தருவது நேரத்தோடு ஏறி இறங்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பல சைன் அலைகளின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்று 1822இல் வெளியான தன் வெப்பவியல் நூலில் காட்டினார் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே. அதே பிரிப்பைக் கணினி வேகமாகச் செய்யும் வழியைக் கூலி, டூக்கி இருவரும் 1965இல் வெளியிட்டார்கள், அதுதான் எஃப்எஃப்டி. படத்தின் கிடை அச்சு அதிர்வெண். செங்குத்து அச்சு, அந்த அதிர்வெண்ணில் அலை எவ்வளவு பெரியது என்பது.

இதில் மிக முக்கியமாகப் பார்க்க வேண்டியது முழு மடங்குகளை. ஒரு வெறும் வட்டத் தோலைத் தட்டினால் மேல் சுருதிகள் அடிப்படைச் சுருதியின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் விழும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே பூசும் கரணையின் எடையால் அவை 2, 3, 4 என்று முழு மடங்குகளில் வந்து நிற்கின்றன. சர் சி. வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். இயந்திரத்திலும் இந்த வேறுபாடு உதவும். ஷாஃப்ட்டோடு பிணைந்த எதுவும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை, ஆறு தடவை என்றுதான் தட்டும். அதனால் முழு மடங்கில் நிற்கும். பேரிங்கின் குண்டுகள் ஷாஃப்ட்டோடு பிணைந்தவை அல்ல. அவற்றின் முகடு 3.58 மடங்கு, 5.41 மடங்கு என்று இடைவெளிகளில் வந்து நிற்கும்.

படி 1: சென்சாரை எடுக்கும் முன் தாளை எடுங்கள்

எந்த முகடு எங்கே வரக்கூடும் என்பதை அளப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு கணக்குப் போட்டால், கண்ணில் பட்ட முகட்டுக்கு ஏற்ற காரணத்தை மனம் தானாகத் தேடிக்கொள்ளும்.

ஓர் உதாரணம். 4 போல் மோட்டார், நிமிடத்துக்கு 1470 சுற்று, 6 இறக்கைகள் உள்ள இம்பெல்லர், 6205 எண் பேரிங். 1470ஐ 60ஆல் வகுத்தால் 24.5 ஹெர்ட்ஸ். இதுதான் ஒரு மடங்கு. இரண்டு மடங்கு 49. இம்பெல்லர் இறக்கைகள் கடக்கும் அதிர்வெண் 6 × 24.5 = 147. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் காந்த இழுப்பு அதன் இருமடங்கான 100இல் தெரியும்.

6205இல் 9 குண்டுகள். வெளி வளையத்தில் ஒரு சொட்டை இருந்தால் ஒரு சுற்றுக்கு 3.585 தட்டு, உள் வளையத்தில் இருந்தால் 5.415 தட்டு. நம் வேகத்தில் முறையே 87.8, 132.7 ஹெர்ட்ஸ். இரண்டையும் கூட்டினால் சரியாக 9, அதாவது குண்டுகளின் எண்ணிக்கை. கணக்கைச் சரிபார்க்க இது நல்ல வழி. பேரிங்கின் அளவுகள் கையில் இல்லாவிட்டால் குண்டு எண்ணிக்கையை 0.4ஆல் பெருக்கினால் வெளி வளையம், 0.6ஆல் பெருக்கினால் உள் வளையம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். குண்டுகள் கொஞ்சம் வழுக்கும் என்பதால் உண்மை முகடு கணக்கிலிருந்து ஒன்றிரண்டு சதவீதம் தள்ளி நிற்கக்கூடும்.

நேம் பிளேட்டில் உள்ள 1470 முழு லோடில் வரும் வேகம். லோடு குறைந்தால் 1490க்கும் போகும். டாக்கோமீட்டர் வைத்து அன்றைய வேகத்தைப் பார்த்து, தாளில் உள்ள எல்லா எண்களையும் அதற்கேற்பத் திருத்துங்கள்.

படி 2: சென்சாரின் இடமும் பிடிப்பும்

பேரிங் உட்கார்ந்திருக்கும் வார்ப்பின் மேல் வையுங்கள். மோட்டாரின் பின்பக்க ஃபேன் மூடியில் வைத்தால் அந்தத் தகட்டின் ஆட்டம்தான் கிடைக்கும், மோட்டாருடையது அல்ல. கிடை, செங்குத்து, ஷாஃப்ட்டின் நீளவாக்கு என மூன்று திசையிலும் எடுங்கள். நீளவாக்கு அளவீட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது பிறகு தேவைப்படும்.

சென்சாரும் அதன் பிடிப்பும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் போல நடந்துகொள்ளும்; அதற்கென்று ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. கையால் அழுத்திப் பிடித்தால் அது மிகக் கீழே வந்துவிடும். காந்தம் அதைவிட மேல், நல்ல பசை இன்னும் மேல், திருகி முடுக்குவது எல்லாவற்றுக்கும் மேல். இரட்டைப் பக்க ஒட்டு நாடாவின் மெத்தை மேல் சென்சாரை வைத்துவிட்டு, சில நூறு ஹெர்ட்ஸில் அகலமாக ஒரு மேடு தெரிகிறதே என்று இயந்திரத்தைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. மேடு அந்த நாடாவுடையது. சந்தேகம் வந்தால் பிடிப்பை மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். மேடு நகர்ந்தால் அது இயந்திரத்தில் இல்லை.

படி 3: நொடிக்கு எத்தனை சாம்பிள்?

நீங்கள் பார்க்க விரும்பும் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கும் மேல். தொழில்முறைக் கருவிகள் 2.56 மடங்கு எடுக்கின்றன. மாணவர்கள் அதிகம் வாங்கும் எம்பியூ-6050 சென்சார் முடுக்கத்தை நொடிக்கு 1000 தடவைதான் தரும். ஏடிஎக்ஸ்எல்-345 அதிகபட்சம் 3200. ஆகவே இவற்றின் எல்லை முறையே 500, 1600 ஹெர்ட்ஸைத் தாண்டாது.

எல்லைக்கு மேலே உள்ள அதிர்வு காணாமல் போய்விடுவதில்லை. மடிந்து கீழே வந்து வேறு இடத்தில் நிற்கும். நொடிக்கு 1000 சாம்பிள் எடுக்கும்போது 940 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று வந்தால், படத்தில் அது 60இல் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதும் இதனால்தான். பதிவான பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும் இதைப் பிரிக்க முடியாது. சாம்பிள் எடுப்பதற்கு முன்பே தடுக்க வேண்டும். கண்டுபிடிக்க ஒரு வழி, சாம்பிள் வேகத்தை 1000இலிருந்து 900 ஆக்கி மறுபடி எடுப்பது. உண்மையான முகடு அங்கேயே நிற்கும். மடிந்து வந்தது 60இலிருந்து 40க்கு நகரும்.

இன்னொரு பிழை, மைக்ரோகன்ட்ரோலர் வைத்துச் செய்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. நொடிக்கு 1000 என்று நிரலில் எழுதியிருப்பார்கள். எண்களை அச்சிட்டு அனுப்பும் நேரம் சேர்ந்து உண்மையில் 920தான் நடந்திருக்கும். அப்போது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 54.3இல் தெரியும். முதல் சாம்பிளின் நேரத்தையும் கடைசியின் நேரத்தையும் பதிந்து, எண்ணிக்கையை இடைப்பட்ட நேரத்தால் வகுத்து உண்மை வேகத்தை எடுங்கள். சாம்பிள்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஏற்றத்தாழ்வு இருந்தால் முகடுகள் கரைந்து அடித்தளம் உயரும்.

படி 4: எவ்வளவு நேரம் பதிவது?

எல்லாவற்றையும்விட இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். படத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு இடையே உள்ள தூரம், 1ஐப் பதிவின் நொடிகளால் வகுத்தால் வருவது. ஒரு நொடி பதிந்தால் 1 ஹெர்ட்ஸ். பத்து நொடி பதிந்தால் 0.1 ஹெர்ட்ஸ். சாம்பிள் வேகத்தைக் கூட்டினால் வலப்பக்கம் நீளுமே தவிர, நெருங்கி நிற்கும் இரண்டு முகடுகள் பிரியாது. கடைசியில் பூஜ்யங்களைச் சேர்த்துப் பதிவை நீட்டினால் கோடு வழவழப்பாகும், அதிலும் முகடு பிரியாது. பிரிய வேண்டுமானால் இயந்திரத்தை அதிக நேரம் கேட்டாக வேண்டும்.

ப்ளோயர் கதைக்கு வருகிறேன். அந்த மோட்டார் 2960 சுற்றில் ஓடியது, அதாவது 49.33 ஹெர்ட்ஸ். இருமடங்கு 98.67. மின்சாரத்தின் இருமடங்கு 100. நடுவே 1.33 ஹெர்ட்ஸ்தான். நான் எடுத்ததோ அரை நொடிப் பதிவு, கட்டத்துக்குக் கட்டம் 2 ஹெர்ட்ஸ். இரண்டு முகடுகள் இருந்தாலும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டை நிச்சயமாகப் பிரிக்க இடையில் மூன்று, நான்கு கட்டங்களாவது வேண்டும்.

மறுபடி 16 நொடி பதிந்தேன். அகலமான அந்த முகடு இரண்டாகப் பிளந்தது. 98.67இல் சின்னது, பெரியது 100க்கு ஒரு மயிரிழை கீழே. சரியாக 100இல் நிற்காததிலும் வியப்பில்லை, நம் நாட்டு கிரிட்டுக்கு வகுத்த வரம்பே 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. உறுதி செய்ய, பதிவு ஓடும்போதே சுவிட்சை அணைக்கச் சொன்னேன். ஷாஃப்ட் வேகம் குறையப் பல நொடிகள் ஆகும். மின்சாரத்தால் வரும் அதிர்வு மட்டும் அந்தக் கணமே நிற்கும். சுவிட்ச் விழுந்ததும் ப்ளோயர் சட்டென்று அமைதியானது; அருகில் நின்ற ஃபிட்டருக்கே காலடியில் தெரிந்தது. கப்ளிங் மேல் குற்றமே இல்லை.

மோட்டாரை மறுபடி ஓட்டி, நான்கு கால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் படம் பார்த்தோம். மூன்றாவது காலைத் தளர்த்தியபோது 100 ஹெர்ட்ஸ் முகடு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தக் கால் தரையோடு ஒட்டவில்லை. சாஃப்ட் ஃபுட் என்பார்கள். போல்ட்டை முடுக்கும்போது மோட்டார் உடல் கொஞ்சம் முறுகி, ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே உள்ள காற்று இடைவெளி ஒரு பக்கம் குறைந்து, காந்த இழுப்பு சமனில்லாமல் போயிருக்கிறது. மோட்டாரை நிறுத்தி, ஃபீலர் கேஜ் நுழைத்து இடைவெளியை அளந்து, அந்த அளவுக்கு ஷிம் வைத்தார்கள். இரண்டு மணி நேர வேலை.

படி 5: சராசரியைக் கழியுங்கள், விண்டோ போடுங்கள்

படத்தின் இடது ஓரத்தில், பூஜ்யத்தில் ஒரு கோபுரம் நின்றால் பயப்பட வேண்டாம். அது புவியீர்ப்பு, அல்லது சென்சாரின் சாய்வு. எல்லா எண்களிலிருந்தும் சராசரியைக் கழித்துவிட்டால் போய்விடும்.

அடுத்தது கசிவு. எஃப்எஃப்டி தன்னிடம் வந்த துண்டு முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவதாக எடுத்துக்கொள்ளும். துண்டின் முடிவும் தொடக்கமும் பொருந்தாவிட்டால் அந்த ஒட்டில் ஒரு குதிப்பு. ஒரே முகடாக நிற்க வேண்டியது பாவாடை விரித்தது போல இருபுறமும் பரவி, பக்கத்திலிருக்கும் சின்ன முகடுகளை மூடிவிடும். துண்டின் இரு ஓரங்களையும் மெல்லத் தணித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பெருக்கலுக்குத்தான் விண்டோ என்று பெயர். தொடங்குபவர்களுக்கு ஹான் விண்டோ போதும். முகடு கொஞ்சம் அகலமாகும், ஆனால் பாவாடை சுருங்கும்.

படி 6: உயரத்தைப் படிப்பது

எஃப்எஃப்டி தரும் எண் அப்படியே வீச்சு ஆகாது. சாம்பிள் எண்ணிக்கையால் வகுத்து இரண்டால் பெருக்க வேண்டும். ஹான் விண்டோ வீச்சைப் பாதியாக்குவதால் இன்னொரு முறை இரண்டால் பெருக்க வேண்டும். அப்படிச் செய்தும், உண்மை அதிர்வெண் இரண்டு கட்டங்களுக்கு நட்டநடுவே விழுந்தால் ஹான் விண்டோவில் உயரம் 15 சதவீதம் வரை குறைவாகத் தெரியும். விண்டோவே போடாவிட்டால் 36 சதவீதம் வரை. போன மாதத்தைவிட முகடு பத்து சதவீதம் வளர்ந்திருக்கிறது என்று அறிக்கை எழுதுமுன் இதை நினைவில் வையுங்கள். உயரம் துல்லியமாக வேண்டுமானால் ஃப்ளாட்-டாப் விண்டோ இருக்கிறது.

அலகு இன்னும் முக்கியம். சென்சார் தருவது முடுக்கம். தரநிலைகள் பேசுவது திசைவேகம். மாற்ற, முடுக்கத்தை அந்த அதிர்வெண்ணின் 6.28 மடங்கால் வகுக்க வேண்டும். நொடிக்கு 1 மில்லிமீட்டர் திசைவேகம் 24.5 ஹெர்ட்ஸில் 0.016 ஜி. அதே திசைவேகம் 1000 ஹெர்ட்ஸில் 0.64 ஜி, நாற்பது மடங்கு. ஆகவே முடுக்கப் படத்தில் வலப்பக்கம் எப்போதும் பூதாகரமாகத் தெரியும், ஷாஃப்ட்டின் ஆட்டம் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். ஷாஃப்ட் சம்பந்தப்பட்ட கோளாறுகளுக்குத் திசைவேகப் படம், பேரிங்குக்கு முடுக்கப் படம் என்று இரண்டையும் பாருங்கள்.

மொத்த அதிர்வு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 10816 தரநிலையின் முதல் பாகம் 15 கிலோவாட் வரையிலான மோட்டார்களுக்கு நொடிக்கு 0.71, 1.8, 4.5 மில்லிமீட்டர் என்று எல்லைகள் வகுத்தது. இவை ஆர்எம்எஸ் அளவுகள், முகட்டு வீச்சை 1.414ஆல் வகுத்து ஒப்பிட வேண்டும். 4.5ஐத் தாண்டினால் இயந்திரத்துக்கு ஆபத்து. இப்போது இந்த வரிசையின் இடத்தில் ஐஎஸ்ஓ 20816 வந்திருக்கிறது.

படி 7: முகடுகளுக்குப் பெயர் வைப்பது

இப்போதுதான் முதல் படியில் எழுதிய தாளை எடுக்க வேண்டும். தனியாக ஒரு மடங்கு மட்டும் உயர்ந்து, நீளவாக்கில் அமைதியாக இருந்தால் பேலன்ஸ் இல்லாததே முதல் சந்தேகம். இறக்கையில் தூசி படிந்தால்கூட இப்படி வரும். துடைத்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம். இரண்டு மடங்கு உயர்ந்து, நீளவாக்கிலும் ஆட்டம் பலமாக இருந்தால் அலைன்மென்ட். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முழு மடங்குகள் வரிசையாக நீண்டு நின்றால் எங்கோ தளர்வு. போல்ட்டையும் பேரிங் உட்காரும் இடத்தையும் பாருங்கள். இறக்கை கடக்கும் அதிர்வெண் நல்ல பம்பிலும் இருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

ஒரு மடங்கின் இருபுறமும் காவலுக்கு நிற்பது போலக் குட்டி முகடுகள் தெரிந்தால் அவற்றின் தூரத்தை அளந்து பாருங்கள். நம் உதாரண மோட்டார் 1500க்குப் பதில் 1470இல் ஓடுகிறது. வழுக்கல் 30 சுற்று, அதாவது 0.5 ஹெர்ட்ஸ். அதை 4 போலால் பெருக்கினால் 2 ஹெர்ட்ஸ். குட்டி முகடுகள் 22.5, 26.5இல் நின்றால் ரோட்டார் பட்டை முறிந்திருக்கலாம். இதையும் நீளமான பதிவில் மட்டுமே காண முடியும்.

எதற்கும் பொருந்தாத முகடு ஒன்று மிஞ்சினால் இரண்டு சோதனை செய்யலாம். டிரைவ் இருந்தால் வேகத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். முகடு வேகத்தோடு நகர்ந்தால் அது சுற்றும் பாகத்துடையது, அதே இடத்தில் நின்று உயரம் மட்டும் மாறினால் தளத்தின் அல்லது குழாயின் சொந்த அதிர்வெண். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பதியுங்கள். அந்தச் சொந்த அதிர்வெண் தனியாக எழுந்து நிற்கும்.

படி 8: பேரிங்குக்குத் தனி வழி

பேரிங் கோளாறு தொடங்கும்போது 87.8இல் எதுவும் தெரியாது. குண்டு சொட்டையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் விழும் தட்டு மிகக் குறுகியது; அது சில ஆயிரம் ஹெர்ட்ஸில் உள்ள உலோகத்தின் சொந்த அதிர்வை, கோயில் மணியைத் தட்டியது போல எழுப்பும். மணியின் சுருதி நமக்கு வேண்டாம். நொடிக்கு எத்தனை தடவை தட்டுகிறார்கள் என்பதே வேண்டும். அதற்கு உயர் அதிர்வெண் பகுதியை மட்டும் ஃபில்டர் செய்து எடுத்து, அந்த அலையின் மேல் விளிம்பை வரைந்து, அந்த விளிம்புக்கு எஃப்எஃப்டி போட வேண்டும். என்வலப் முறை என்று இதற்குப் பெயர். நொடிக்கு 1000 சாம்பிள் தரும் சென்சாரில் இது நடக்காது என்பது மூன்றாம் படியிலிருந்தே தெரியும்.

உள் வளையச் சொட்டை ஷாஃப்ட்டோடு சுற்றும். எடை தாங்கும் பக்கம் வரும்போது பலமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் தட்டும். அதனால் அதன் முகட்டுக்கு இருபுறமும் ஒரு மடங்கு தூரத்தில் குட்டி முகடுகள் வரும். வெளி வளையம் அசையாது, அதன் முகடுகள் பெரும்பாலும் தனியாக நிற்கும்.

பயிற்சிக்கு ஒரு கோப்பு

கையில் பழுதான பேரிங் இல்லாவிட்டாலும் பழகலாம். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், 2 குதிரைத்திறன் மோட்டாரில் வேண்டுமென்றே சொட்டை வைத்த பேரிங்குகளைப் போட்டு எடுத்த பதிவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. டிரைவ் பக்கப் பேரிங் நாம் கணக்குப் போட்ட அதே 6205. நொடிக்கு 12,000 சாம்பிள் உள்ள கோப்புகளில், உள் வளையச் சொட்டை, லோடு இல்லாத 1797 சுற்று என்று இருப்பதை எடுங்கள். படத்தைத் திறக்கும் முன் தாளில் எழுதுங்கள்: 1797ஐ 60ஆல் வகுத்தால் 29.95, அதை 5.415ஆல் பெருக்கினால் 162.2. முதலில் நேரடியாக எஃப்எஃப்டி போட்டு 162இல் தேடிப் பாருங்கள். உயரமான முகடுகள் எல்லாம் சில ஆயிரங்களில் இருக்கும். பிறகு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை ஃபில்டர் செய்து என்வலப் எடுங்கள். 162இல் முகடு எழும். அதன் இருபுறமும் 132, 192இல் குட்டிகள் நிற்கும்.